இமை இல்லாதவை

நவம்பர் கடைசியில் சூரியன்
சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும்,
ஜனவரி பாதியில்தான் தலைகாட்டும்.
இடையில் மதியம் என்று ஒன்று வரும்:
மலைக்குப் பின்னால் யாரோ
நீலத் துணியைப் பிழிந்து உதறியதுபோல்
கொஞ்சம் வெளிச்சம்.
அதையும் நான் பார்ப்பதில்லை.

எனக்கு ஆறு திரைகள்.
திரைக்கு இரண்டு கூண்டு,
கூண்டுக்கு லட்சத்துச் சொச்சம் சால்மன்.
அறையில் விளக்குப் போடுவதில்லை,
போட்டால் மீனுக்கு மேல் எங்கள் முகம் விழும்.
தீனி உருண்டை வாய்க்குப் போகிறதா,
வாயைத் தாண்டி அடிக்குப் போகிறதா?
அடிக்குப் போனால் நிறுத்து.
வாய் திறந்தால் தொடங்கு.
எட்டு மணி நேரம்,
நிறுத்து, தொடங்கு.

கூண்டுக்குள்ளும் விளக்குகள் உண்டு,
ஏழு மீட்டர் ஆழத்தில், இரவும் பகலும்.
குளிர்காலம் வந்த சேதி
மீன்களின் காதுக்கு எட்டக் கூடாது;
எட்டினால் பருவம் எய்திவிடும்,
சதை போடுவதை விட்டுவிட்டு
முட்டைக்கு ஆசைப்படும்.
ஆகவே அவற்றுக்கு நிரந்தரக் கோடை.
எனக்கும்தான்,
சம்பளத்தோடு.

வேலை முடிந்து கதவைத் திறப்பேன்.
இருட்டு இருக்காது அங்கே.
இருட்டின் மேல் ஒட்டிவைத்த
ஆறு செவ்வகங்கள் இருக்கும்,
நான் திரும்பும் பக்கமெல்லாம் திரும்பும்.
அப்படித்தான் ஒருநாள்
எயிலிவின் கறுப்பு நாயை மிதித்தேன்.
நாய் மன்னித்துவிட்டது.
எயிலிவ் இன்னும் இல்லை.

மாதம் ஒருமுறை படகில் வரும்
கண் பரிசோதகர் விபேக்கே சொன்னாள்:
மாலைக்கண் இல்லை, விழித்திரை சுத்தம்.
ஆனால் பேசிக்கொண்டே எண்ணினேன், டோருன்,
நிமிடத்துக்கு நான்கு முறைதான் இமைக்கிறீர்கள்.
மீன்களையே பார்த்துப் பார்த்து...
என்று தொடங்கி,
முடிக்காமல் சொட்டுமருந்து எழுதினாள்.

டிசம்பர் பதினான்கு. புயல்.
கம்பி எங்கோ அறுந்தது.
ஆறு திரைகளும் ஒரே மூச்சில் செத்தன.
மின்விசிறியின் முனகல் நின்றபோதுதான்
அது இத்தனை நாள் முனகியது தெரிந்தது.
லிதுவேனியாவிலிருந்து வந்த ரிம்விடாஸ்
கைப்பேசி விளக்கைப் போட்டான்.
அணை, என்றேன்.
யாருடைய குரலோ போலிருந்தது.
அணைத்தான்.

முதலில் செவ்வகங்கள் மட்டும்.
அவை பச்சையிலிருந்து செம்பழுப்பாகி,
ஓரம் கிழிந்து,
கரைய மனமில்லாமல் கரைந்தன.
யாரோ ஜன்னல் திரையைத் தூக்கினார்கள்,
மூன்று வருடத்துத் தூசி மூக்கில் ஏறியது.
கால் மணி நேரம் கழித்து
மேஜையின் விளிம்பு வந்தது.
பிறகு கோப்பையின் வெள்ளை.
பிறகு பனி,
எங்கிருந்தும் கடன் வாங்காததுபோல் ஒரு ஒளியோடு.
பிறகு, கடலில், பன்னிரண்டு வளையங்கள்.

நேராகப் பார்த்தால் மறைந்தன.
சற்று ஓரமாகப் பார்த்தால் வந்தன.
நேராகப் பார்த்தே கூலி வாங்குகிறவள் நான்,
எனக்கு இது பிடிபட நேரமாயிற்று.
மூன்றாவது வளையத்தில்
ஏதோ ஒன்று துள்ளி விழுந்தது.
வெள்ளி என்று சொல்லமாட்டேன்.
சாம்பல். ஆனால் உயிருள்ள சாம்பல்.
அவற்றுக்கும் இப்போது தெரிந்திருக்கும்,
இது டிசம்பர் என்று.

முப்பத்தோராவது நிமிடம்
ஜெனரேட்டர் இருமி எழுந்தது.
ஆறு திரைகளும் வெள்ளை வெளேரென்று
முகத்தில் அறைந்தன.
அரை மணி நேரம் சிறுகச் சிறுகச் சேர்த்தது
ஒரு நொடியில் கொட்டிப்போயிற்று.
முழுவதும் இல்லை.
எப்படியோ என் உள்ளங்கை
வலது கண்ணைப் பொத்தியிருந்தது.

இப்போது வேலை முடிய அரை மணிக்கு முன்
கறுப்புத் துணியால் அந்தக் கண்ணைக் கட்டிக்கொள்கிறேன்.
கடற்கொள்ளைக்காரி, என்கிறான் எயிலிவ்.
இருக்கட்டும்.
ஒரு கண்ணில் கோடை,
ஒரு கண்ணில் குளிர்காலம்,
இரண்டுக்கும் நடுவில் மூக்கு.

கதவைத் திறந்து
கட்டை அவிழ்க்கிறேன்.
படியில் நாய் படுத்திருக்கிறது.
சுற்றிப் போகிறேன்.